சண்டைக்கு எந்தப் பகடை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேஜையில், பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் நடந்த சண்டை 40 நிமிடம் ஓடியது. இந்தப் பக்கம் நான்கு ஆட்டக்காரர்கள், அந்தப் பக்கம் கோப்ளின்கள் என்ற ஆறு குட்டி அரக்கர்கள். எங்கள் தோழி ஒருத்தி நான்கு சுற்றிலும் வாளை வீசினாள், ஒன்றுகூடப் படவில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்பது பத்து நிமிடம் காத்திருப்பாள், இருபது பக்கப் பகடையை உருட்டுவாள், "மூணு" என்பாள். நான் "படல" என்பேன். மறுபடி காத்திருப்பு. நான்காவது முறை எண்ணைக்கூடச் சொல்லாமல் முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கதை அதற்கடுத்த வாரம் முடிந்துவிட்டது. புதிதாக ஒன்று தொடங்கவேண்டும், நடத்தப்போவது நான்தான். எந்த விதியில் ஆடலாம் என்று கேட்டதும் குழுவில் ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் நாங்கள் ஆடிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் இருபது பக்கப் பகடையே போதும் என்கிறார். இன்னொருவர் குர்ப்ஸ் என்ற ஆட்டம் மாதிரி மூன்று ஆறு பக்கப் பகடைகளைக் கூட்டுவதுதான் இயற்கையாக இருக்கும் என்கிறார். மூன்றாமவருக்குக் கணக்கே வேண்டாம். முறுக்குத் தட்டுக்காரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இந்த ஆட்டங்கள் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள், எது நடக்கும் என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை முடிவு சொல்லும். சந்தேகம் அதிகம் வரும் இடம் சண்டை.

முதலில் அந்த "இயற்கையாக இருக்கும்" வாதம். மூன்று பகடைகளைக் கூட்டினால் எண்கள் நடுவில் குவியும், ஒற்றைப் பகடையில் எல்லா எண்ணுக்கும் ஒரே சான்ஸ். தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவர்களுக்கு இந்தக் குவிதலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 0, 1, 2, 3 என்று பக்கங்கள் உள்ள இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழி, தாயம் விழ 2 வழி, ஆறு விழ ஒரே வழி. எல்லோருடைய காயும் பாதித் தூரம் போயிருக்க, தாயம் விழாமல் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பது எட்டில் ஒரு பங்கு சான்ஸின் வேலை.

ஆனால் சண்டையில் நாம் கேட்பது "எத்தனை விழுந்தது" என்றல்ல, "பட்டதா இல்லையா" என்றுதான். இருபது பக்கப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்றால் 50%. மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்குக் கீழே வேண்டும் என்றாலும் 50%. நடுவில் அழகாகக் குவிந்ததெல்லாம் எங்கே போயிற்று? ஒற்றை உருட்டலில் அது கண்ணுக்கே தெரியாது. ஒன்றைக் கூட்டும்போதோ கழிக்கும்போதோதான் தெரியும். இருபது பக்கத்தில் ஒவ்வொரு கூட்டல் ஒன்றுக்கும் 5%, எங்கே நின்றாலும் அவ்வளவுதான். மூன்று பகடையில் திறன் எண் (கூட்டுத்தொகை அதைத் தாண்டக்கூடாது) 10 என்பது 11 ஆனால் 50% ஒரே தாவலில் 62.5% ஆகும். 14 என்பது 15 ஆனால் 90.7% வெறும் 95.4% ஆகும். நடுத்தர ஆளுக்கு ஒரு சின்ன உதவியும் பெரிதாகப் படும், கைதேர்ந்தவனை அவ்வளவாக அசைக்காது. குவிதலால் உண்மையாகக் கிடைப்பது இந்த ஒன்றுதான்.

சரி, இருபது பக்கப் பகடைக்கு வருவோம். 1971-ல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டில் ஆளுக்கு ஆள் சண்டையை இரண்டு ஆறு பக்கப் பகடைகள்தான் தீர்த்தன. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இருபது பக்கப் பகடை "மாற்று முறை" என்ற பெயரில்தான் நுழைந்தது. மாற்று முறையே பிறகு மெயின் ரோடாகிவிட்டது. இன்று அதன் ஐந்தாம் பதிப்பில் கணக்கு எளிது: பகடை எண்ணோடு உன் திறமைக்கான கூட்டலைச் சேர், எதிரியின் கவச எண்ணைத் தொட்டால் அடி பட்டது.

எங்கள் தோழியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் நிலை வீராங்கனை, கூட்டல் 5. 2014-ன் புத்தகப்படி கோப்ளினின் கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7 (அவ்வளவு சேதம் ஆனால் விழும்). பகடையில் 10 விழுந்தால் போதும், அதாவது 55%. பட்டால் சேதம் எட்டுப் பக்கப் பகடையோடு 3. 20 விழும்போது கிடைக்கும் இரட்டைப் பகடைச் சேதத்தையும் சேர்த்தால், ஒரு வீச்சில் ஒரு கோப்ளின் விழும் சான்ஸ் சுமார் 36%. மூன்று வீச்சுக்கு ஒரு கோப்ளின். கேட்க மோசமில்லை.

நால்வருக்கும் இதே சான்ஸ் என்று வைத்து, நான்கு சுற்றில் 16 வீச்சு என்றால் சராசரி 8.8 அடி. ஐந்தில் நான்கு சண்டைகளில் எண்ணிக்கை 7-க்கும் 11-க்கும் இடையில்தான் நிற்கும். மொத்த மேஜையையும் பார்த்தால் இருபது பக்கப் பகடை ஒன்றும் தலைகால் புரியாமல் ஆடவில்லை, சாதுவாகச் சராசரிக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஒரு ஆளுக்கு நான்கு வீச்சுதான். நான்கும் தவறும் சான்ஸ் 4%. நால்வரில் யாரோ ஒருவருக்கு அப்படி ஆகும் சான்ஸ் 15%. ஆறேழு சண்டைக்கு ஒருமுறை யாரோ ஒருவர் 40 நிமிடம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பார். வாராவாரம் ஆடுகிறவர்கள் வீட்டில் இது மாதாமாதம் நடக்கிற விஷயம். கணக்கைப் போட்டபிறகு அந்த முறுக்குத் தட்டு எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. தாயம் விழாமல் உட்கார்ந்திருந்தாலும் அரை நிமிடத்தில் மறுபடி கட்டை கைக்கு வரும். இங்கே பத்து நிமிடம்.

இருபது பக்கத்தை "லாட்டரி" என்று திட்டுகிறவர்கள் பெரும்பாலும் சண்டையை வைத்துத்தான் திட்டுகிறார்கள். நியாயமாகத் திட்டவேண்டிய இடம் வேறு. பூட்டுத் திறப்பதில் கைதேர்ந்த திருடன், கூட்டல் 7, இலக்கு 15. அவன் தோற்கும் சான்ஸ் 35%. ஒன்றுமே தெரியாதவன் அதே பூட்டைத் திறக்கும் சான்ஸ் 30%. வாள்வீச்சுக்குப் பதினாறு உருட்டல் இருக்கிறது, மேடுபள்ளம் சமன்படும். பூட்டுக்கு ஒரே ஒரு உருட்டல்.

நாங்களாகச் செய்துகொண்ட ஒரு பாவமும் இருக்கிறது. 1 விழுந்தால் வாள் கைநழுவிவிடும் என்று ஒரு வீட்டு விதி வைத்திருந்தோம், சிரிப்பாக இருக்குமே என்று. ஐந்தாம் பதிப்பில் வீரன் தேறத் தேற ஒரு முறையில் வீசும் வீச்சுகள் கூடும்: ஐந்தாம் நிலையில் 2, பதினொன்றில் 3, இருபதில் 4. நான்கு வீச்சில் ஒன்றாவது 1 விழும் சான்ஸ் 18.5%, முதல் நிலைக் கற்றுக்குட்டிக்கு 5%. உலகம் போற்றும் வாள்வீரன் கற்றுக்குட்டியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு அடிக்கடி வாளைக் கீழே போடுகிறான்! இம்மாதிரி விபரீத விதி எதுவானாலும் கடைசியில் அடி விழுவது ஆட்டக்காரர்கள்மேல்தான். ஒரு கோப்ளின் மூன்று சுற்று வாழ்ந்து சாகும், பாத்திரமோ ஒரு வருஷம் முழுக்க நூற்றுக்கணக்கான அடிகளுக்கு முன்னால் நிற்கவேண்டும். அபூர்வமானது அத்தனையும் என்றாவது ஒருநாள் அதற்கு நடக்கும். அடுத்த கதையில் எந்தப் பகடை வந்தாலும் அந்த விதி மட்டும் வராது.

ஐந்தாம் பதிப்பில் எனக்குப் பிடித்தது அட்வான்டேஜ். சாதகமான நிலையில் இருந்தால் பகடையை இரண்டுமுறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 50% சான்ஸ் 75% ஆகும். அதனால் "அது கூட்டல் 5-க்குச் சமம்" என்று ஒரு பேச்சு உண்டு. நடுவில்தான் அது உண்மை. 25% சான்ஸ் 43.75% ஆகும், 5% சான்ஸ் 9.75% ஆகும். எது எப்படியோ, இரண்டு பகடைகள் உருளும்போது மேஜையில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள், அது போதும்.

இப்போது குர்ப்ஸ். 1986-ல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்டது. ஒரு முறை என்றால் கதைக்குள் ஒரு வினாடி. மூன்று பகடை கூட்டித் திறன் எண்ணுக்குள் விழவேண்டும். அதோடு முடியாது, அடிபடப்போகிறவர் விலகவோ வாளால் தடுக்கவோ கேடயத்தைக் காட்டவோ தன் பங்குக்கு உருட்டுவார். தாக்குபவர் திறன் 12 (74%), தடுப்பவர் எண் 9 (37.5%) என்றால், தடுக்க முடியாத அபூர்வ அடிகளையும் சேர்த்து, கடைசியில் அடி படுவது 47%. "இயற்கையான" குவிதல் எல்லாம் போட்டும், தோழிக்கு நான்கும் தவறும் சான்ஸ் 4-லிருந்து 8% ஆகிறது. நம் நால்வர், ஆறு கோப்ளின் கணக்கில் ஒரு சுற்றுக்குப் பத்துத் தாக்குதல் உருட்டல், அதற்குமேல் சுமார் ஏழு தடுப்பு உருட்டல், அதற்குப்பிறகு சேதம்.

அதற்காகக் குர்ப்ஸை ஒதுக்கிவிட முடியாது. தடுப்பு உருட்டல் என்பது அடிபடுகிறவருக்கும் வேலை கொடுக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் கையில் பகடை வருகிறது. அதைவிட முக்கியம், அங்கே யோசிக்க ஆழம் இருக்கிறது. ஏமாற்று வீச்சு என்று ஒன்று: உன் திறனில் 2 விட்டுக்கொடுத்தால் எதிரியின் தடுப்பில் 1 குறையும். திறன் 16 உள்ளவன் தடுப்பு 9 உள்ளவனை நேராக வீசினால் சுமார் 65% படும், 4 விட்டுக்கொடுத்து ஏமாற்றப் பார்த்தால் 62%-தான். அதே ஆள் தடுப்பு 12 உள்ள கில்லாடியை நேராக வீசினால் 32%, ஏமாற்றினால் 38%. யாரிடம் நேராகப் போவது, யாரிடம் சுற்றிப் போவது என்பது கணக்கிலேயே இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே நின்று போடும் வாள்சண்டை, அதைத்தான் கதையின் உயிராக வைக்கப்போகிறீர்கள் என்றால் குர்ப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆறு கோப்ளினுக்கு வேண்டாம்.

நூறு பக்கப் பகடை முறையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1978-ன் ரூன்குவெஸ்ட், 1981-ன் கால் ஆஃப் கதுல்ஹு இரண்டும் அந்த வம்சம். வாள் 60 என்றால் 60% சான்ஸ், சின்னப் பிள்ளைக்கும் புரியும். பேய்க்கதைக்கு அருமை, ஏனென்றால் அங்கே சண்டை போடுவதே புத்திசாலித்தனமில்லை. சண்டையே பிரதானம் என்றால் ரூன்குவெஸ்டிலும் தாக்கு, தடு, தாக்கு, தடு என்று குர்ப்ஸின் அதே நீளம்தான்.

பகடைகளைக் கை நிறைய அள்ளி உருட்டும் ரகத்தில் இரண்டு ஜாதி. ஷேடோரன்னின் பிந்தைய பதிப்புகளில் 5, 6 விழுந்த பகடைகளை எண்ணவேண்டும். பன்னிரண்டு பகடைக்குச் சராசரி நான்கு. எதிரியும் உருட்டி எண்ணுவான், கழிக்கவேண்டும். முதல் மூன்று முறை அந்தச் சத்தம் சுகமாக இருக்கும், பத்தாவது முறை மேஜைக்கடியில் உருண்டுபோன பகடையைத் தேடிக்கொண்டிருப்போம். பிளேட்ஸ் இன் த டார்க் (2017) புத்திசாலி: உருட்டியதில் பெரிய எண்ணை மட்டும் பார். 6 என்றால் முழு வெற்றி, 4, 5 என்றால் வெற்றியும் வில்லங்கமும், 3 அல்லது அதற்குக் கீழே என்றால் மோசம். ஒரு பகடைக்கு மோசம் 50%, இரண்டுக்கு 25%, மூன்றுக்கு 12.5%. ஒவ்வொரு புதுப் பகடையும் மோசத்தைப் பாதியாக வெட்டுகிறது, மனக்கணக்கே போதும். அங்கே ஒரே உருட்டலில் ஒரு சண்டை முழுதும் முடிந்துபோகலாம். திருட்டுக் கும்பலின் கதைக்கு அது பொருந்தும். எங்கள் ஆட்கள் வாளை ஒருமுறை மட்டும் வீச ஒப்புக்கொள்வார்களா தெரியவில்லை.

மீதி இரண்டுதான் என்னை நிஜமாகவே யோசிக்கவைத்தவை.

ஒன்று, 2010-ல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்டில் தொடங்கிய முறை. கோப்ளின், டிராகன் எல்லாம் உள்ள நம் மாதிரிக் கதைக்கு அதன் வழிவந்த டன்ஜன் வேர்ல்டு இருக்கிறது. இரண்டு ஆறு பக்கப் பகடை, சின்னதாக ஒரு கூட்டல். 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி. 7 முதல் 9 வரை, நீ அடித்தாய், அவனும் அடித்தான். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நடத்துபவர் நிலைமையை மோசமாக்குவார். கூட்டல் 1 உள்ளவருக்கு முழு வெற்றி 28%, நடுவாந்தரம் 44%, மோசம் 28%. இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், "ஒன்றும் நடக்கவில்லை" என்ற பதில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 4 விழுந்தாலும் ஏதோ நடக்கிறது: வாள் கதவுநிலையில் மாட்டிக்கொள்கிறது, பின்னால் இருந்தவன் விளக்கை உடைத்துவிடுகிறான். இன்னொன்று, நடத்துபவர் அடி படுமா என்று உருட்டுவதே இல்லை. கோப்ளினின் அடி உன் உருட்டலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு சுற்றுக்குப் பத்துத் தாக்குதல் உருட்டல் என்பது நான்காகக் குறைகிறது. காத்திருப்பு பாதிக்குமேல் போய்விடும்.

இலவசமாக எதுவும் வராது. நடுவாந்தரமும் மோசமுமாக, பத்தில் ஏழு உருட்டலுக்கு நான் அங்கேயே ஏதாவது சொல்லியாகவேண்டும். ஆட்டக்காரர்களின் அலுப்பைத் தூக்கி நடத்துபவர் தலையில் வைக்கிற ஏற்பாடு இது. மூன்று மணி நேர ஆட்டம் முடிந்ததும் வாயைத் திறக்கத் தோன்றாது. கோப்ளினுக்கும் டிராகனுக்கும் ஒரே 7-தான் என்பதால் கணக்குப் பிரியர்களுக்கு உப்புச்சப்பில்லாமல் இருக்கும். கூட்டல் 3 வரை போய்விட்டால் முழு வெற்றி 58%, மோசம் 8%, அதற்குமேல் வளர இடமில்லை. இருபது முப்பது வாரம் ஓடும் கதைக்கு இது தாங்காது.

மற்றொன்று இன்டு தி ஆட். கிறிஸ் மெக்டவல் எழுதியது. அடி படுமா என்று உருட்டுவதே கிடையாது. வீசினாய் என்றால் பட்டது. சேதத்தை உருட்டு, எதிரியின் கவசம் அதில் ஒன்றிரண்டைக் கழிக்கும், மீதி அவன் உடம்பில். பத்து வருஷமாக "படுமா" என்று உருட்டிப் பழகிய எனக்கு முதலில் ஏமாற்றுவேலை மாதிரி இருந்தது. பிறகு யோசித்தால், ஐந்தாம் பதிப்பில் 45% முறை கிடைக்கும் பதில் "ஒன்றுமில்லை", அதைத்தான் இவர் வெட்டி எறிந்திருக்கிறார். சண்டை இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும். ஆனால் புதுப் பாத்திரத்துக்கு ஆறு பக்கப் பகடை உருட்டி வரும் அளவுதான் சேதத்தைத் தாங்கும் காப்புப் புள்ளி. எதிரியின் அடியும் தவறாது என்பதை மறக்கக்கூடாது. தோழியின் வாள் எப்போதும் படும், இரண்டாவது சுற்றில் அவள் தரையில் கிடக்கவும் கூடும். ஒரே இரவில் முடியும் கதைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆறு வாரம் ஒரே பாத்திரத்தோடு வாழ நினைப்பவர்களுக்கு மனசு உடைந்துவிடும்.

ஆக, எங்கள் வீட்டு நிலவரம் இது: நான்கு ஆட்டக்காரர்கள், அதில் இரண்டு பேர் புதியவர்கள், ஞாயிறு மாலை மூன்று மணி நேரம், எட்டு வாரத்தில் முடியவேண்டிய கதை. இரண்டு பகடைக்குப் போகிறோம், டன்ஜன் வேர்ல்டு. இதே கதை ஒரு வருஷம் ஓடும் என்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருபது பக்கத்தையே வைத்திருப்பேன், கோப்ளின் எண்ணிக்கையை மட்டும் ஆறிலிருந்து மூன்றாக்கியிருப்பேன். அதுவே காத்திருப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். குர்ப்ஸ் நண்பருக்குத்தான் வருத்தம். தீபாவளி விடுமுறையில் அவரும் நானும் மட்டும் உட்கார்ந்து ஒரு வாள்சண்டை ஆடிப்பார்ப்பதாகப் பேச்சு.

செலவும் இல்லை. இருபது பக்கப் பகடையை ஆன்லைனில் சொல்லி வரவழைக்கவேண்டியிருந்தது, பக்கத்துக் கடையில் கேட்டால் விழிப்பார்கள். இதற்குப் பரணில் இருந்த பழைய லூடோ பெட்டியிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்தாயிற்று. ஒன்றில் மூன்றாம் பக்கத்துப் புள்ளி ஒன்று தேய்ந்து இரண்டு மாதிரித் தெரிகிறது, பேனாவால் குத்தி வைத்திருக்கிறேன்.